கிராமத்துப் பழைய வீடு: செலவைக் கைக்குள் வைத்துக்கொண்டு குடியேறுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நகரத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கிராமத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கிக் குடிவந்தோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். வீட்டைச் செப்பனிட்டுக்கொண்டே அதில் வாழ்ந்தோம்; இன்னும் சில வேலைகள் பாக்கி இருக்கின்றன. இதே முடிவை எடுக்க நினைப்பவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். விலைகளை எழுதவில்லை. அவை ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும். வேலைகளின் வரிசை மாறாது. எங்கள் பணம் மிச்சமானதும் வீணானதும் பெரும்பாலும் அந்த வரிசையால்தான்.

முதலில் எந்த வேலையைத் தொடங்க வேண்டும்?

தண்ணீரைத் தடுக்கும் வேலையை. மேலிருந்து ஒழுகும் நீர், கீழிருந்து சுவரில் ஏறும் ஈரம், குழாயில் கசியும் நீர் ஆகிய மூன்றும் நிற்கும்வரை மற்ற எதற்கும் பையைத் திறக்காதீர்கள். கூரை, கூரைத் தண்ணீரை வாங்கி வெளியே விடும் குழாய், சுவரைச் சுற்றியுள்ள தரையின் சரிவு என்று மேலிருந்து கீழே வாருங்கள். அடுத்து உத்திரம், விரிசல், கரையான். அதன்பின் சுவருக்குள் புதைய வேண்டிய மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும். பூச்சு, தரை, கதவு ஜன்னல் எல்லாம் அதற்குப் பிறகு. வண்ணம் கடைசியில்.

குடிவந்த ஆர்வத்தில் நாங்கள் கூடத்துத் தரையை முதலில் போட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று மாதம் கழித்து அதே கூடத்தின் மேல் இரண்டு கைமரங்கள் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்கள்) உளுத்திருப்பது தெரிந்தது. அவற்றை மாற்றச் சாரம் கட்டினார்கள். சாரக்கால் ஊன்றிய இடங்களில் தரை கீறியது. மேலேயிருந்து விழுந்த ஓர் ஓடு ஒரு கல்லைப் பிளந்தது. அந்தத் தரையின் ஒரு பகுதிக்கு இரண்டு முறை கூலி கொடுத்தோம். கைமரத்துக்கு ஆன செலவு எப்படியும் வந்திருக்கும். தரைக்கான இரண்டாவது செலவு வந்திருக்கவே வேண்டியதில்லை.

எல்லா வேலையையும் முடித்துவிட்டுக் குடிபோவது நல்லதா, குடியிருந்துகொண்டே செய்வது நல்லதா?

உயிருக்கும் உடம்புக்கும் தொடர்புள்ள நான்கு விஷயங்கள் முடிந்த பிறகு குடிபோங்கள்: தலைமேல் விழாத கூரை, ஆபத்தில்லாத மின்சாரம், சோதித்த குடிநீர், ஒழுங்காக இயங்கும் கழிப்பறை. மற்றவற்றுக்கு ஓர் ஆண்டு பொறுத்திருங்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு வீட்டை அதன் எல்லாப் பருவத்திலும் பார்க்காமல் அதற்கு என்ன தேவை என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் பெருமழை இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மின்சாரம் போய்விட்டது. பெரியவன் டார்ச் பிடிக்க, நான் ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனேன். சொட்டு விழுந்த இடத்தில் தரையில் ஒரு வட்டம், சுவரில் ஈரம் இறங்கிய இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் மணி. விடிவதற்குள் பதினொரு வட்டங்கள். மறுநாள் ஓடு மாற்ற வந்தவர் அவற்றைப் பார்த்துவிட்டு, முழுக் கூரையையும் பிரிக்க வேண்டாம், மூன்று இடங்களில் பிரித்தால் போதும் என்றார். பதினொரு சொட்டுக்கும் வாசல் மூன்றுதான். ஓட்டுக்கு அடியில் புகும் நீர் மரத்தின் வழியே ஓடி வேறெங்கோ சொட்டும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடினால் கிடைக்காது.

அந்த ஆண்டில் வேறு பலவும் புரிந்தன. பின்பக்கம் ஒரு திறந்த தாழ்வாரம் கட்டத் திட்டமிட்டிருந்தோம். சாரல் முழுவதும் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது என்று மழைக்காலம் காட்டியது. அந்தத் திட்டத்தைக் கைவிட்டோம். சமையலறையிலிருந்து கிணற்றுக்கு நாங்கள் நடந்து நடந்து ஒரு ஒற்றையடிப் பாதை தானாக விழுந்திருந்தது. பிறகு கல் பதித்தபோது அந்தத் தடத்திலேயே பதித்தோம்.

வாங்குவதற்கு முன் நானே என்னென்ன பார்க்கலாம்?

ஒரு திருப்புளியும் ஒரு டார்ச்சும் போதும். உத்திரமும் கைமரமும் சுவருக்குள் நுழையும் முனைகளில் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் தடுக்கும். உளுத்த மரம் உள்ளே விடும். ஈரம் சுவர் வழியாக முனையைத்தான் முதலில் தாக்கும், நடுப்பகுதி கல்போல் உறுதியாக இருந்தாலும். மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மரத்தை அரிக்கும் பூஞ்சை வளராது. ஆகவே கொஞ்சம் உளுத்த மரம் கிடக்கும் வீடு, ஈரம் வருவது நின்றால் பிழைத்துக்கொள்ளும். ஈரம் வருவது நிற்காத வீட்டில் புது மரமும் போய்விடும்.

விரிசல்களைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். தலைமுடி அளவு மெல்லிய விரிசல் பூச்சில் இருப்பது இயல்பு. 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றது, கீழே குறுகி மேலே விரிவது, உள்ளும் புறமும் ஒரே இடத்தில் தெரிவது, கதவு நிலையைக் கோணலாக்கியது ஆகியவற்றைக் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் பார்க்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தைச் செலவென்று நினைக்காதீர்கள். வீட்டின் விலையைப் பேசும்போது அது திரும்பி வந்துவிடும்.

புதிதாக வண்ணமடித்த பழைய வீட்டை இரண்டு முறை பாருங்கள். ஒன்று மழைக்குப் பிறகாக இருக்கட்டும்.

சுவரின் அடிப்பகுதியில் பூச்சு உதிர்ந்துகொண்டே இருக்கிறது. எத்தனை முறை பூசினாலும் நிற்கவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். பழைய வீடு வாங்கியவர்கள் மிக அதிகமாகப் பணத்தை வீணாக்கும் இடம் இது.

பழைய சுவர்கள் பலவும் சுண்ணாம்புக் காரையிலோ மண்சாந்திலோ கட்டியவை. அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு இருக்காது. மண்ணின் ஈரம் சுவருக்குள் மெல்ல ஏறும். பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரம் வரை. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருப்பதால் சுவர் தன் போக்கில் உலரும். அதன்மேல் யாரோ ஒருவர் சிமென்ட் பூசியதும் ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல் போகிறது. அது இன்னும் உயரே ஏறுகிறது. கூடவே வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைத் தள்ளி உதிர்க்கிறது. உதிர்ந்த இடத்தில் மறுபடி சிமென்ட். இது ஆண்டுதோறும் நடக்கும்.

எங்கள் வீட்டுப் படுக்கையறையில் முழங்கால் உயரத்தில் சுவரைத் தட்டினேன். வெற்றுப் பானையைத் தட்டினாற்போல் சத்தம் வந்தது. உளியின் நுனியை விட்டு நெம்பியதும் தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து கையோடு வந்தது. பின்னால் இருந்த மண்சாந்து பிசைந்த மாவு போல் குளிர்ந்து நனைந்திருந்தது. மழை நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது அப்போது.

சுவரில் துளையிட்டு ஈரத்தைத் தடுக்கும் மருந்தை ஏற்றுவதற்கும் விலையுயர்ந்த ரசாயனப் பூச்சுக்கும் முன்னால், செலவில்லாத காரணங்களைத் தேடுங்கள். வெளியே மண் மேடாகி வீட்டுத் தரையைவிட உயர்ந்திருக்கிறதா? பல பழைய வீடுகளில் இதுதான் நோய். மண்ணை வெட்டி, உள்தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டராவது இறக்குங்கள். சுவரிலிருந்து 3 மீட்டர் தூரத்துக்குள் 15 சென்டிமீட்டர் தாழும்படி சரிவு கொடுங்கள். கூரைக்குழாய் சுவரடியில் நீரைக் கொட்டுகிறதா, குளியலறை நீர் அங்கேயே தேங்குகிறதா என்று பாருங்கள். பிறகு சிமென்ட் பூச்சை ஒரு மீட்டருக்குச் சற்று மேல்வரை எடுத்துவிட்டுச் சுவரை உலரவிடுங்கள். வெளிவரும் உப்பை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

உலர எவ்வளவு நாள்? ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டுமானத்தில் பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். அந்தப் பொறுமை இருந்தால்தான் மேலே போடும் சுண்ணாம்புப் பூச்சு நிற்கும். நாங்கள் ஏறத்தாழ ஓர் ஆண்டு அந்த அறையில் செங்கல் தெரியவே தூங்கினோம். மூன்றாவது மழைக்காலம் முடிந்துவிட்டது, பூச்சு அப்படியே இருக்கிறது. மண் வெட்டியது நாங்களே. பணச்செலவு சுண்ணாம்புக்கும் பூச்சுக் கூலிக்கும் மட்டும்தான்.

மொத்தத் தொகையில் எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்?

மதிப்பீட்டில் 100 பங்கு வந்தால், அதற்கு மேல் 20 முதல் 25 பங்கைத் தொடாமல் தனியாக வையுங்கள். பழைய வீட்டில் பூச்சை உரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறதென்று கொத்தனாருக்கும் தெரியாது. 100 பங்குதான் கையில் இருக்கிறதென்றால் 80 பங்குக்கான வேலையை மட்டும் எழுதுங்கள். இதற்கு வெளியே, குடும்பம் ஆறு மாதம் வாழத் தேவையான தொகை எந்த நிலையிலும் வீட்டுவேலைக்குள் போகக் கூடாது. புது இடத்தில் வருமானம் நிலைபெற நாளாகும்.

மதிப்பீடும் உண்மைச் செலவும் ஏன் இவ்வளவு விலகுகின்றன?

நான் ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கட்டங்கள்: நினைத்த தொகை, ஆன தொகை, வித்தியாசம், காரணம். முதல் ஆண்டு முடிவில் காரணக் கட்டத்தை மட்டும் எண்ணிப் பார்த்தேன். விலை ஏறியது என்பது சில இடங்களில்தான் இருந்தது. "மனம் மாறியது", "மறந்துவிட்டோம்" என்ற இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. ஜன்னல் வைத்த பிறகு அதை ஓரடி தள்ளச் சொன்னது, பூச்சு முடிந்த பிறகு ஒரு பிளக் பாயிண்ட் கேட்டது, மண் அள்ளிப்போகும் வண்டிக் கூலியைக் கணக்கில் எழுதாமல் விட்டது.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். சுவரில் கை வைப்பதற்கு ஒரு வாரம் முன்பே, சுவிட்ச், பிளக், குழாய் வரும் இடங்களைச் சுவரிலேயே கரியால் வரைந்துவிடுவோம். அந்த வாரம் முழுவதும் அவற்றைப் பார்த்தபடியே வாழ்வோம். கட்டில் எங்கே, விளக்கு எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெளிந்துவிடும். கரியை அழிக்கக் கூலி கிடையாது.

மதிப்பீட்டில் விட்டுப்போகும் செலவுகளையும் சொல்லிவிடுகிறேன்: இடிபாட்டை அகற்றுவது, பொருள் ஏற்றி இறக்கும் கூலி, சாரம், வேலைக்கான தண்ணீரும் மின்சாரமும், அனுமதிக் கட்டணம், உடைந்து வீணாகும் ஓடும் கல்லும்.

மேஸ்திரியிடம் எப்படிப் பேசுவது? மொத்த ஒப்பந்தமா, நாள் கூலியா?

அளக்க முடிந்த வேலைக்கு அளவுக் கணக்கு. பூச்சு, தரை, வண்ணம் ஆகியவற்றைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசலாம். உரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்ற வேலைக்கு நாள் கூலியே நியாயம். அப்படிப்பட்ட வேலையை மொத்த ஒப்பந்தமாகக் கொடுத்தால், எதிர்பாராதது வரும்போது அவர் நஷ்டப்படுவார், அல்லது அதைப் பூச்சுக்குள் மறைத்துவிடுவார். இரண்டும் உங்கள் வீட்டுக்குக் கெடுதல்.

மூன்று பேரிடமாவது மதிப்பீடு வாங்குங்கள். மூவருக்கும் ஒரே தாளைக் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும்: எந்த அறை, எத்தனை அடி, எத்தனை கோட் பூச்சு, பொருள் யார் பொறுப்பு, குப்பை யார் பொறுப்பு. மிகக் குறைந்த தொகை சொன்னவரிடம் எதை விட்டுவிட்டார் என்று கேளுங்கள். அவர் கடைசியாக முடித்த வீட்டைவிட, மூன்று ஆண்டுக்கு முன் முடித்த வீட்டைப் போய்ப் பாருங்கள்.

முன்பணம் முதல் கட்டப் பொருளுக்குத் தேவையான அளவு மட்டும். மற்றது ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும். கூரை வேலையில் பத்தில் ஒரு பங்கை முதல் பெருமழைக்குப் பிறகு தருவதாக முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நேர்மையான வேலைக்காரர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். ஒப்புக்கொண்ட பணத்தை ஒப்புக்கொண்ட நாளில் கொடுப்பது உங்கள் கடமை. சனிக்கிழமைக் கூலியைத் திங்கட்கிழமைக்குத் தள்ளும் வீட்டுக்கு நல்ல கொத்தனார் மறுபடி வர மாட்டார், கிராமத்தில் அது ஒரே நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எந்த வேலைகளை நாமே செய்யலாம்?

இடிப்பது, உரிப்பது, மண் வெட்டுவது, சுரண்டித் தேய்ப்பது, வெள்ளையடிப்பது, பூச்சுக்கும் காங்கிரீட்டுக்கும் நீர் பிடிப்பது. கடைசியாகச் சொன்னதைச் சின்ன வேலையாக நினைக்காதீர்கள். சிமென்ட் காங்கிரீட் குறைந்தது ஏழு நாள் ஈரமாகவே இருந்தால்தான் வலுவேறும். அதன் வலுவை 28 நாளில் கணக்கிடுகிறார்கள். வேலையாட்கள் மாலையில் போய்விடுவார்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி, காலையும் மாலையும் நீர் தெளித்தது என் பிள்ளைகள்தான்.

மின்சாரம், எரிவாயு, சுமை தாங்கும் சுவரில் வாசல் வெட்டுவது, உயரமான கூரை ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். சுண்ணாம்பில் வேலை செய்யும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

பொருள் வாங்குவதில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

வீட்டிலேயே இருப்பதை முதலில் எண்ணுங்கள். பழைய ஓட்டைக் கழற்றிக் கழுவித் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல ஓடு, மந்தமாக ஒலித்தால் உள்விரிசல். எங்கள் கூரையில் பாதிக்கு மேல் பழைய ஓடுகளே திரும்ப ஏறின. பழைய கதவுகளை விற்றுவிடாதீர்கள். அதே கனத்தில் முதிர்ந்த மரத்துக்கு இன்று விலை கேட்டால் தெரியும்.

சிமென்ட்டை மொத்தமாக வாங்கி அடுக்குவது மிச்சமில்லை. மூட்டை பிரிக்காமலே காற்றின் ஈரத்தை அது இழுக்கும்; மூன்று மாதத்துக்குமேல் கிடந்ததைச் சுமை தாங்கும் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. கட்டி தட்டியிருந்தால் வேண்டவே வேண்டாம். அடுக்கும்போது பலகைமேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். மணல் ஈரமாக இருந்தால் உப்பி நிற்கும்; பருமனில் கால் பங்குவரை, சில நேரம் அதற்கும் மேல் கூடுதலாகக் காட்டும். கன அளவில் வாங்கும்போது இதை மறக்க வேண்டாம்.

தொலைவான ஊரில் வண்டிச் செலவே பொருளின் விலையோடு போட்டி போடும். அவசரத்துக்கு ஒரு குழாய் இணைப்பு வாங்க நகரத்துக்கு ஓடிய நாட்களை என் நோட்டில் எண்ணிப் பார்த்து மனம் நொந்தேன். இப்போது சமையலறைக் கதவில் ஒரு தாள் தொங்குகிறது. தேவை தோன்றும்போது எழுதுவோம். வாரம் ஒருமுறை தான் போவோம்.

குடிநீரும் கழிவுநீரும்?

இந்த இரண்டிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். கிணற்று நீர் தெளிவாக இருப்பது அது நல்ல நீர் என்பதற்குச் சான்றாகாது. ஆய்வகத்தில் மலக்கிருமி, நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக், இரும்பு, கடினத்தன்மை ஆகியவற்றைச் சோதியுங்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம், ஆர்சனிக் 0.01 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். எந்த வடிகட்டி வேண்டும் என்பதைச் சோதனை முடிவு சொல்லட்டும், விற்பவர் சொல்ல வேண்டாம்.

செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் இருக்க வேண்டும். மண் மணற்பாங்காக இருந்தாலோ, கிணறு பள்ளத்தில் இருந்தாலோ அதற்கும் மேல். உங்கள் பகுதி விதி இன்னும் கூடுதலாகக் கேட்டால் அதன்படி செய்யுங்கள். டேங்கின் மேல் கனரக வண்டியை ஓட்ட விடாதீர்கள். செங்கல் வண்டி வரும் நாளில் இது எளிதில் மறந்துபோகும். நான்கு மூலையிலும் முளையடித்துக் கயிறு கட்டிவிடுங்கள்.

மழைநீர்க் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழைக்கு ஏறத்தாழ 1,000 லிட்டர். எங்கள் பூச்சு வேலைக்கும் நீர் பிடிக்கவும் தொட்டியில் சேர்ந்த மழைநீரே போதுமானதாக இருந்தது.

பழைய மின்கம்பிகளை வைத்துக்கொள்ளலாமா?

துணி சுற்றிய கம்பியோ, வெடித்த ரப்பர் உறையோ, தரையிணைப்பு (எர்த்) இல்லாத பிளக்கோ இருந்தால் முழுவதும் மாற்றுங்கள். பூச்சுக்கு முன்பே மாற்றுங்கள். 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள். ஈரச் சுவரும் வெறுங்காலும் உள்ள வீட்டில் உயிரைக் காப்பது அது. தொலைவில் உள்ள கிணற்று மோட்டாருக்கு மெல்லிய கம்பி இழுத்தால் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்து மோட்டார் சூடாகிக் கருகும். அடுத்த மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் தடித்த கம்பி மலிவு.

பழைய வண்ணத்தையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் நாமே அகற்றலாமா?

பல ஆண்டுகளுக்கு முன் அடித்த எண்ணெய்ப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். குழந்தைகளும் கருவுற்ற பெண்ணும் அந்த வேலை நடக்கும் நாளில் வீட்டில் இருக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் தகடு உடையாமல் இருந்தால் அதை அப்படியே விடுவதே பாதுகாப்பு. துளையிடுவது, அறுப்பது, உடைப்பது எல்லாம் நுரையீரலில் தங்கும் இழைகளைக் காற்றில் விடும். அகற்றியே ஆக வேண்டுமென்றால் அதற்கெனப் பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள். இதற்கான தொகையை வீடு வாங்கும்போதே பேரத்தில் சேர்த்துவிடுங்கள்.

தூசிக்கும் சத்தத்துக்கும் நடுவே குடும்பம் எப்படி வாழ்ந்தது?

ஒரே ஓர் அறையை முதலில் முழுமையாக முடித்தோம். அதில் கட்டில், பிள்ளைகளின் புத்தகம், ஒரு விளக்கு. சுத்தியலுக்கும் மண்சட்டிக்கும் அந்த அறைக்குள் நுழைய அனுமதி இல்லை. வாசலில் ஈரச் சாக்கு. நாள் முழுவதும் செம்மண் பூசிய முகத்தோடு வேலை பார்த்துவிட்டு மாலையில் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும்போது, வீடு நம்முடையதுதான் என்ற எண்ணம் திரும்பி வரும். இதைச் செய்யாமல் எல்லா அறைகளையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டவர்கள், களைப்பு தாங்காமல் எப்படியாவது முடித்தால் போதும் என்று பணத்தை இறைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

வாரத்தில் ஒரு நாள் வேலையே கிடையாது என்றும் வைத்துக்கொண்டோம். அந்த நாளில்தான் கிராமத்தோடு பழகினோம்.

சமையலறை, குளியலறைக்கு நல்ல சாமான்களே வாங்கலாமா?

சுவருக்குள் போகும் குழாயும் வால்வும் நல்லதாக இருக்கட்டும். வெளியே தெரியும் தட்டும் அலமாரியும் பிறகு மாற்றக்கூடியவை. எங்களுக்கு இரண்டு ஆண்டு ஒரு பழைய மேசைதான் சமையல் மேடை.

வீட்டுக்கு வெளியே எதிர்பாராத செலவுகள் உண்டா?

உண்டு. போக்குவரத்தும் எரிபொருளும் நகரத்தைவிடக் கூடும். கருவிகள் வாங்க வேண்டியிருக்கும்: மண்வெட்டி, ஏணி, சக்கர வண்டி. ஆண்டில் சில நாட்கள் மட்டும் தேவைப்படும் கருவியை வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். நிலத்தைப் பார்த்ததும் கோழி, ஆடு, காய்கறித் தோட்டம் என்று ஆசை பெருகும். முதல் ஆண்டு இரண்டு பாத்தி போதும். தோட்டமும் வீடும் ஒரே பருவத்தில் ஒரே கையைக் கேட்கும். இரண்டையும் தொடங்கிய எங்கள் முதல் கோடையில் செடிகள் வாடின, பூச்சும் பாதியில் நின்றது.

உள்ளூர் மக்களிடம் எப்படி உதவி கேட்பது?

கேட்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்து. எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் ஓடு வேய்ந்தவரின் மகன், எழுபது வயதுப் பெரியவர், ஒரு நாள் சும்மா எட்டிப் பார்த்தார். "தம்பி, கிழக்குச் சுவருக்குக் கீழே பழைய வாய்க்கால் ஒன்று போகிறது, அதைத் தூர்த்துவிட்டார்கள்" என்று என் கணவரிடம் சொன்னார். சுவரின் அந்தப் பக்கம் மட்டும் ஏன் உலரவே இல்லை என்று நாங்கள் குழம்பிக்கொண்டிருந்தோம். தோண்டினோம், முழங்கால் ஆழத்தில் வாய்க்கால் கல் தட்டுப்பட்டது. அதைத் திறந்துவிட்ட மறு ஆண்டு சுவர் உலர்ந்தது. அவருக்குக் கூலி கொடுக்கப் போனபோது வாங்கவில்லை. இப்போது அவர் வீட்டுக் கடிதங்களையும் விண்ணப்பங்களையும் நான் எழுதித் தருகிறேன்.

எல்லா வேலையும் எப்போது முடியும்?

எங்களுக்கு இந்த ஆண்டு மாட்டுக்கொட்டகையின் வடக்குச் சுவர் பாக்கி. அதில் ஒரு சாய்ந்த விரிசல் இருக்கிறது. விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் குறுக்கே கோடிழுத்துத் தேதி எழுதியிருக்கிறேன். இரண்டு கோடுகள், எட்டு மாத இடைவெளியில். விரிசல் முதல் கோட்டைக்கூட இன்னும் தாண்டவில்லை. அடுத்த மழைக்குப் பிறகும் அங்கேயே நின்றிருந்தால் சாந்து வைத்து அடைப்போம். தாண்டியிருந்தால் பொறியாளரைக் கூப்பிடுவோம். அதற்கான பங்கு தனியாக இருக்கிறது.